மணிக்கு 100 பவுண்டு: லண்டனில் மானிடவியல் முதுகலையும் அதன் விருப்பப் பாடங்களும்

லண்டனிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சமூக மானிடவியல் முதுகலைப் படிப்பை ஓராண்டில் முடித்து ஊர் திரும்பியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் ஒரு பகுதி வேறு பல்கலைக்கழகங்களில் படித்த நண்பர்களும் சொன்னவை. மறுபகுதிக்கு என்னுடைய அவசரமும் காரணம். சேர்வதற்கு முன் நான் தேடிப் படித்த மதிப்புரைகள் அனைத்தும் விடுதி அறை, குளிர், விசா, பகுதிநேர வேலை என்றே சுற்றிவந்தன. கடன் வாங்கிக் கட்டிய காசுக்கு வகுப்பறையில் நமக்குக் கிடைப்பது என்ன, அதிலும் நாமே தேர்ந்தெடுக்கிற விருப்பப் பாடங்களின் தரம் என்ன என்பதைப் பற்றி ஒருவரும் எழுதியிருக்கவில்லை. அந்தக் குறையை என்னாலான அளவு நிரப்புவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் கணக்கு. பிரிட்டனில் ஒரு முதுகலைப் பட்டத்துக்கு 180 கிரெடிட். என் படிப்பில் கட்டாயப் பாடங்களுக்கு 60, கோடையில் எழுதும் ஆய்வேட்டுக்கு 60, எஞ்சிய 60 விருப்பப் பாடங்களுக்கு. அதாவது பருவத்துக்கு இரண்டாக, தலா 15 கிரெடிட்டில் நான்கு விருப்பப் பாடங்கள். நான் செலுத்திய கட்டணம் 24,000 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் ஒரு விருப்பப் பாடத்தின் விலை 2,000 பவுண்டு; நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேல். அதற்கு ஈடாகக் கிடைப்பது பத்து வாரம், வாரத்துக்கு ஒரு மணி நேர விரிவுரையும் ஒரு மணி நேர செமினாரும், ஆக 20 மணி நேரம். மணிக்கு 100 பவுண்டு. ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு என்பது அங்குள்ள பொதுக்கணக்கு. ஆகவே 15 கிரெடிட் பாடத்துக்கு 150 மணி நேரம் படித்தாக வேண்டும், அதில் 130 மணி நேரம் நூலகத்தில் நாமே தனியாக உட்கார வேண்டியது. இந்தக் கணக்கைச் சேர்ந்த பிறகு போட்டுப் பார்த்தேன். சேர்வதற்கு முன்பே போட்டிருந்தால், பாடங்களின் தலைப்பைப் பார்த்து மயங்குவதற்குப் பதிலாக அந்த 130 மணி நேரத்தில் எதைச் செய்யச் சொல்வார்கள் என்று விசாரித்திருப்பேன்.

தேர்வு நடக்கும் முறை நம்மவர்களுக்குப் புதிதல்ல. தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகியவர்கள் அதில் சோடை போக மாட்டார்கள். இணையதளத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட விருப்பப் பாடங்கள் அழகாக அடுக்கப்பட்டிருக்கும். கீழே சிறிய எழுத்தில் ‘எல்லாப் பாடங்களும் எல்லா ஆண்டும் நடைபெறா’ என்ற ஒரு வரியும் இருக்கும். பணம் கட்டி விமானம் ஏறிய பிறகே அந்த ஒரு வரியின் முழுப் பொருளும் விளங்குகிறது. நான் எந்தப் பாடத்துக்காக அந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தேனோ, அந்த மருத்துவ மானிடவியல் பாடம் முதல் பருவத்தில் இல்லை. அதை நடத்துபவர் ஆராய்ச்சி விடுப்பில் போயிருந்தார். இரண்டாம் பருவத்துக்கு அதைத் தள்ளிவைத்திருந்தார்கள். முப்பதில் அந்த ஆண்டு நடந்தவை பதினாறு. அவற்றில் சில ஒரே நேரத்தில் நடந்து ஒன்றோடொன்று மோதுபவை, சில இருபது பேருக்கு மேல் சேர்த்துக்கொள்ளாதவை. காலை பத்து மணிக்குப் படிவம் திறந்தது. பத்து நிமிடத்துக்குள் இரண்டு பாடங்கள் நிரம்பிவிட்டன.

முதல் பருவத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தது தெற்காசிய இனவரைவியல். இனவரைவியல் என்பது மக்களோடு தங்கி, களத்தில் கண்டதை விவரித்து எழுதுவது. தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்து, சமூகவியலில் இளங்கலை படித்து, நான்காண்டு ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தவளுக்கு இது கைக்கெட்டிய கனி என்று நினைத்தேன். அப்படி நினைத்து அதை எடுப்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பாடத்தின் மூன்று வாரங்களைச் சாதி எடுத்துக்கொண்டது. அந்த மூன்று வாரத்திலும் நடுநாயகமாக வீற்றிருந்தவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன். தூய்மை, தீட்டு என்ற எதிரிணையின் மீது சாதிப் படிநிலை முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது என்று 1966இல் அவர் எழுதிய பெருநூலை ஆதரித்தும் எதிர்த்தும் கட்டுரை கட்டுரையாக வாசித்தோம். அதே துய்மோன் 1949-50இல் மதுரைப் பக்கம் வந்து தங்கிப் பிறமலைக் கள்ளர்களிடையே கள ஆய்வு செய்தவர். அவர்களைப் பற்றி மட்டுமே 1957இல் ஒரு தடித்த நூலை எழுதியவர். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1986 முதல் இருக்கிறது. வாசிப்புப் பட்டியலில் அதிலிருந்து ஒரு பக்கம்கூட இல்லை. ஒரு மனிதர் களத்தில் கண்டதை ஒதுக்கிவிட்டு, அங்கிருந்து திரும்பியபின் கட்டிய கோட்பாட்டை மட்டும் மூன்று வாரம் அலசுவதை இனவரைவியல் என்று எப்படி அழைப்பது என்று ஆசிரியரிடம் கேட்டேன். பத்து வாரத்துக்குள் அடக்க வேண்டியிருக்கிறது என்றார். அது நியாயமான பதில்தான். அந்த நியாயத்துக்கு மணிக்கு 100 பவுண்டு கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

அதைவிடப் பெரிய தொல்லை செமினாரில் இருந்தது. பதினான்கு பேரில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இருவர். இன்னொருவர் தில்லியில் வளர்ந்தவர். வாரம் தவறாமல் யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, “உங்கள் ஊரில் இது எப்படி?” என்று கேட்டுவிடுவார். கேட்டவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் மற்றவர்கள் கட்டுரையை விமரிசித்துப் பழகிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் நான் தகவலாளியாக உட்கார்ந்திருந்தேன். விமரிசிக்கக் கற்றுக்கொள்ளத்தானே நானும் கட்டணம் செலுத்தினேன்? சொந்த வட்டாரத்தைப் பற்றிய பாடத்தை எடுப்பவர்கள் இந்தப் பாத்திரத்துக்குத் தயாராகப் போக வேண்டும், அல்லது முதல் வாரத்திலேயே மறுத்துவிட வேண்டும். நான் ஏழாம் வாரத்தில்தான் மறுத்தேன்.

இத்தனைக்கும் நடுவே ஒரு வகுப்பு நன்றாக அமைந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மதிப்புரை நேர்மையாக இருக்காது. மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று தாம் பெயரிட்ட ஊரில் 1948இல் கள ஆய்வு செய்த இந்திய மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ், பல்லாண்டு உழைத்துத் தொகுத்திருந்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்போர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோயின. அந்த ஊரை முதன்மையாகத் தம் நினைவிலிருந்தே எழுதி 1976இல் நூலாக வெளியிட்டார். ஆசிரியர் எங்களிடம், போன வாரம் நீங்கள் எடுத்த குறிப்புகளை மூடிவைத்துவிட்டு அந்த வகுப்பறையை நினைவிலிருந்து எழுதுங்கள் என்றார். எழுதி முடித்துக் குறிப்போடு ஒப்பிட்டபோது, குறிப்பில் இல்லாத எத்தனையோ நினைவில் இருந்தன; நினைவில் இருந்தவற்றில் சில நடக்கவே இல்லை. அந்தப் பாடத்தில் எங்கள் கையை வேலை வாங்கிய ஒரே வகுப்பு அதுதான். மற்றபடி மதிப்பீடு 3,500 சொல்லில் ஒரே ஒரு கட்டுரை. அதுவும் பருவம் முடிந்து ஜனவரியில். பத்து வாரமும் வாயைத் திறக்காமல் இருந்தவரும் முழு மதிப்பெண் வாங்கலாம்.

இரண்டாம் பருவத்தில் தலைப்பைப் பார்த்து எடுத்த இன்னொன்று எண்ம மானிடவியல். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கைபேசியும் சமூக ஊடகமும் மனித உறவுகளை என்ன செய்கின்றன என்ற கேள்வி பெரியதுதான். ஆனால் வகுப்பில் பாதி நேரம் மாணவர் குழுக்கள் திரையில் படம் போட்டு ஒப்பிப்பதிலேயே கழிந்தது. ஐந்து பேர் கொண்ட எங்கள் குழுவில் இருவர் வேலை செய்தோம், ஐவரும் ஒரே மதிப்பெண் பெற்றோம். பட்டியலில் ‘குழு விளக்கவுரை 40 சதவீதம்’ என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். நான் அதைப் படிக்காமல் விட்டது என் பிழை.

இனி, காசுக்கு ஈடான இரண்டு பாடங்கள். இரண்டையும் நான் விரும்பி எடுக்கவில்லை என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவ மானிடவியல் இல்லை என்றான பிறகு முதல் பருவத்தில் அந்த இடத்தை நிரப்பியது அருங்காட்சியக மானிடவியல். அலமாரிகளையும் பெயர்ப்பலகைகளையும் பற்றிய பாடம் என்று எண்ணிச் சலிப்போடு போனேன். முதல் வகுப்பே துறையின் சிறு சேகரிப்பு அறையில் நடந்தது. பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். நீலக் கையுறை, மேசையில் வெண்ணிறப் பஞ்சு மெத்தை, அதன்மேல் ஆளுக்கொரு பொருள். எந்தப் பொருள் யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவானது. எனக்கு வந்தது ஒரு பாக்குவெட்டி.

பாட்டியின் மடியில் கிடந்து பார்த்த பொருளை வெளிநாட்டில் கையுறை போட்டுத் தொடும்போது முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆசிரியரின் விதி கடுமையானது: முதல் ஒரு மணி நேரம் அதன் பொருள், பயன், பண்பாடு எதையும் எழுதக்கூடாது, கண்ணால் காண்பதையும் அளக்க முடிந்ததையும் மட்டுமே எழுத வேண்டும். எடை 212 கிராம். இரும்பு அலகு, பித்தளைக் கைப்பிடி. கைப்பிடியின் நுனி கிளிமூக்காக வளைந்திருந்தது. இடப்பக்கக் கைப்பிடியின் வேலைப்பாடு மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அலகின் நடுவில் ஒரு சிறு பல் விழுந்திருந்தது. கீல் ஆணி பிற்காலத்தில் மாற்றப்பட்டது. அதன் உலோகம் வேறு. மூட்டின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ உறைந்திருந்தது. அதைச் சுண்ணாம்பு என்று எழுதப்போன என்னை ஆசிரியர் நிறுத்தினார். “வெள்ளைப் படிவு என்று எழுதுங்கள். சுண்ணாம்பு என்பது உங்களுக்குத் தெரிந்தது, இன்னும் பார்க்கப்படாதது.” நான்காண்டு களப்பணியில் வீட்டுக்கு வீடு படிவம் நிரப்பிய எனக்கு, பார்த்ததையும் தெரிந்ததையும் பிரித்து எழுதுவது எவ்வளவு கடினம் என்று எவரும் சொல்லித்தந்ததில்லை.

பொருளோடு கட்டியிருந்த பழைய அட்டையில் ஆங்கிலத்தில் வெற்றிலை வெட்டி, தென்னிந்தியா என்று எழுதியிருந்தது. வெற்றிலையை யாரும் வெட்டுவதில்லை; கிள்ளி நரம்பெடுத்து மடிப்பார்கள். அந்த அட்டையை எழுதியவர் வெற்றிலையும் பாக்கும் ஒன்றென்றே எண்ணியிருக்கிறார். என் 1,500 சொல் விவரிப்பின் பின்பாதி இந்தப் பிழையைப் பற்றியது. அதைப் படித்த சேகரிப்புப் பொறுப்பாளர், பழைய அட்டையை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் புதிதாக ஓர் அட்டையைச் சேர்த்தார். பழைய பிழையும் அந்தப் பொருளின் வரலாறுதான் என்பது அங்குள்ள நடைமுறை.

மூன்று வகுப்புகள் அருங்காட்சியகங்களிலேயே நடந்தன. தென்கிழக்கு லண்டனில் ஃபாரஸ்ட் ஹில் பகுதியிலுள்ள ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தோம். தேயிலை வணிகர் ஒருவரின் சேகரிப்பாகத் தொடங்கி 1901 முதல் இன்றைய கட்டடத்தில் இயங்குவது அது. அங்கே நடுக்கூடத்தில், தோலுக்குள் பொருளை அடைத்துப் பாடம் செய்த ஒரு வால்ரஸ் இருக்கிறது; நீண்ட தந்தங்கள் கொண்ட வடதுருவக் கடல்விலங்கு அது. உயிருள்ள வால்ரஸைக் கண்டிராத ஒருவர் நூற்றாண்டுக்கு முன்பு அதைப் பாடம் செய்தபோது, தோலில் இருக்க வேண்டிய மடிப்புகளை அறியாமல் கொள்ளுமட்டும் திணித்துவிட்டார். ஊதிய பலூன்போல் வழுவழுவென்று உட்கார்ந்திருக்கிறது. பார்க்காத ஒன்றை விவரிக்கும் துறைக்கு இதைவிடப் பொருத்தமான காவல் தெய்வம் கிடையாது என்று உடன் வந்த தோழி சொன்னாள். அதே அருங்காட்சியகம் இன்றைய நைஜீரியாவிலுள்ள பெனின் நகரிலிருந்து 1897இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்த பொருள்களில் தன்னிடமிருந்த 72ன் உரிமையை 2022இல் நைஜீரியாவுக்கு மாற்றிக்கொடுத்தது. திருப்பித் தருவது என்றால் உரிமையைத் தருவதா, பொருளை அனுப்புவதா, இரண்டுமா என்பதை வைத்தே அடுத்த இரண்டு செமினார்கள் நடந்தன.

அந்த விவாதத்தில் நம்மூர்த் திருமங்கையாழ்வாரும் வந்தார். கும்பகோணத்துக்கு அருகே சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த 16ஆம் நூற்றாண்டு வெண்கலச் சிலையை 1967இல் ஏலத்தில் வாங்கி ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் வைத்திருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரத்திலிருந்த 1957ஆம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று அதே சிலை கோயிலில் இருந்ததைக் காட்டியது. 2024இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் திருப்பித் தர இசைந்தது. என்னை அங்கே ஒருவரும் “உங்கள் ஊரில் எப்படி?” என்று கேட்கவில்லை. எல்லார் கையிலும் ஒரு பொருள் இருந்தது, எல்லாரும் அவரவர் பொருளுக்காக வாதாட வேண்டியிருந்தது.

இரண்டாவது உறவுமுறை மானிடவியல். பெயரைக் கேட்டாலே மாணவர்கள் ஓடும் பாடம் இது. தாத்தா காலத்துச் சங்கதி, கட்டமும் கோடும் போடும் வேலை என்று பேர் வாங்கியிருந்தது. அதை நடத்தியவர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்த இளம் ஆசிரியர். நிரந்தரப் பேராசிரியர் எடுக்கும் பாடமே உயர்ந்தது என்ற எண்ணத்தோடு யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

முதல் வாரமே வீட்டுப்பாடம்: யாருக்கும் தொலைபேசி செய்யாமல் சொந்த உறவுகளைக் கட்டம் போட்டு வருவது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்கு இரட்டைக் கோடு. யார்க்ஷயரிலிருந்து வந்த மாணவர் 14 பேரோடு வந்தார். நான் 61 பேரோடு போனேன். அதில் ஒன்பது பேருக்குப் பெயர் தெரியாது. இரண்டாம் வாரம் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது.

“அம்மா, பெரிய அத்தை வீட்டுக்காரர் பேரென்ன?”

“குடவாசல் மாமா.”

“பேரு கேட்டேன்மா.”

“பேரச் சொல்லி யாரு கூப்ட்டா? குடவாசல் மாமான்னா தெரியாதவங்க யாரு?”

அந்தக் குடவாசல் மாமாவை அம்மா ‘அண்ணா’ என்று அழைப்பார். நாத்தனாரின் கணவர் எப்படி அண்ணனாவார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. கரும்பலகையில் ஆசிரியர் போட்ட கட்டத்தைப் பார்த்ததும் விளங்கியது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் இரண்டு குடும்பங்களை வைத்துக்கொண்டால், என் கணவனின் சகோதரியை மணப்பவன் என் சகோதரன். அப்படி ஒரு மாற்றுத் திருமணம் உண்மையில் நடந்திருக்க வேண்டியதில்லை. நடந்ததைப் போலவே சொற்கள் அமைந்திருக்கின்றன. சித்தப்பா பிள்ளை அண்ணன் தம்பியாவதும், அத்தை பிள்ளை முறைமாப்பிள்ளையாவதும், அத்தையின் கணவரும் அம்மாவின் உடன்பிறந்தவரும் ‘மாமா’ என்ற ஒரே சொல்லில் அடங்குவதும் அதே கணக்கின் விடைகள். இதையெல்லாம் முதன்முதலில் பட்டியலிட்டு ஒப்பிட்டவர்களில் ஒருவர் நியூயார்க் மாகாணத்து ராச்செஸ்டரில் வழக்கறிஞராக இருந்த லூயிஸ் ஹென்றி மார்கன். அமெரிக்கப் பழங்குடியான செனகாக்களின் உறவுச்சொற்களும் தமிழ் உறவுச்சொற்களும் ஒரே பாணியில் இருப்பதைக் கண்டு அவர் வியந்தார். தென்னிந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகளே அவருக்குத் தமிழ்ச் சொற்களைத் தந்தவர்கள். உலகெங்குமிருந்து அவர் திரட்டிய அட்டவணைகள் 1871இல் நூலாக வந்தன. செனகா, தமிழ் உறவுமுறைகள் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்று அவர் எடுத்த முடிவு பிழையென்று பின்னர் ஒதுக்கப்பட்டது. அட்டவணைகளோ இன்றும் வகுப்பில் பயன்படுகின்றன.

இந்தப் பாடத்தின் மதிப்பீடு மூன்று துண்டுகளாக இருந்தது: நான்காம் வாரம் கட்டம், ஏழாம் வாரம் ஒரு நேர்காணலின் எழுத்துப்படி, இறுதியில் 2,000 சொல்லில் கட்டுரை. ஒவ்வொன்றுக்கும் அடுத்த வேலையைத் தொடங்குமுன் கருத்துரை வந்துவிட்டது. மற்றப் பாடங்களில் கருத்துரை வரும்போது அந்தப் பாடமே முடிந்திருக்கும்.

ஆய்வேடும் இதிலிருந்தே பிறந்தது. கைபேசிச் செயலிகள்வழி நடக்கும் கோயில் அர்ச்சனை பற்றி எழுதுவதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். எழுதியதோ கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாம் கடைத்தெருவில் தமிழ்க் கடைகளில் புழங்கும் உறவுச்சொற்களைப் பற்றி. யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் முதல் வாரம் என்னை ‘மேடம்’ என்றார், மூன்றாம் வாரம் ‘தங்கச்சி’ என்றார், ஊர் தஞ்சாவூர் என்று தெரிந்த அன்று மறுபடி ‘மேடம்’ என்றார். ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் அந்தப் பின்வாங்கலைப் பற்றியது.

சேரப்போகிறவர்கள் விசாரிக்க வேண்டியவை சில உண்டு. தலைப்பையும் அறிமுகப் பத்தியையும் ஒதுக்கிவிட்டு, மதிப்பீட்டு முறையை முதலில் பாருங்கள். இறுதியில் ஒரே கட்டுரை என்றிருந்தால் அந்தப் பாடத்தை நூலக அட்டை இருந்தால் நாமே படித்துவிடலாம். முந்தைய ஆண்டின் பாடக் கையேட்டைத் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். சேரும் முன்பே கேட்டாலும் பெரும்பாலும் அனுப்பிவிடுகிறார்கள். வாரத்துக்கு எத்தனை பக்கம் வாசிப்பு, எந்தத் தேதியில் எந்தக் கட்டுரை என்பது அதில் இருக்கும். எனக்கு ஜனவரியில் இரண்டு கட்டுரைகள் ஒரே நாளில், ஒரே பகல் 12 மணிக்கு விழுந்தன. உடற்கூறு, எலும்பு, தொல்லியல் என்று நம்மூர் மானிடவியல் துறைகள் சேர்த்தே கற்பிப்பவை சமூக மானிடவியல் பட்டியலில் இருக்காது என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது; இங்கே அவற்றைப் படித்துவிட்டு அதன் தொடர்ச்சியைத் தேடிவந்த ஒரு தோழர் மிகவும் ஏமாந்தார்.

இன்னொரு வசதியை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. ஆசிரியர் இசைந்தால் மதிப்பெண் இல்லாமல் எந்த விரிவுரையிலும் உட்கார்ந்து கேட்கலாம், கட்டணமில்லை. கைவிட்டுப்போன மருத்துவ மானிடவியலை இரண்டாம் பருவத்தில் அப்படியே பத்து வாரமும் கேட்டேன். நன்றாக இருந்தது. ஆனால் கேட்பதற்கு மட்டுமே நல்ல பாடம் அது. கட்டுரைக் கேள்விகளைப் பார்த்தபோது அதை எடுக்காமல் போனதற்காக நான் வருந்தவில்லை.

வகுப்பு தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் பாடத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த இரண்டு வாரத்தில் நான்கைந்து முதல் வகுப்புகளிலாவது போய் உட்கார்ந்துவிட்டு முடிவெடுங்கள். கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி என்று போட்டிருக்கும் பாடத்தையும் விட்டுவிட வேண்டாம். எல்லாரும் வார இறுதிக்கு ஓடுவதால் அதில்தான் இடம் மிச்சமிருக்கும். உறவுமுறைப் பாடத்தில் நாங்கள் ஒன்பது பேர் மட்டுமே இருந்தோம்.